பெட்டியின் மேல் எழுதாத ஆயுள்

மிக்ஸி இந்தியச் சமையலறைக்குள் நுழைந்த கதையே ஒரு பழுதில்தான் தொடங்குகிறது. 1960களின் தொடக்கத்தில் மும்பையில் சீமென்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்தவர் சத்ய பிரகாஷ் மாத்தூர். அவருடைய மனைவி மாதுரி பயன்படுத்திவந்த பிரவுன் மிக்ஸியின் மோட்டார் ஒருநாள் எரிந்துபோனது. ஐரோப்பியச் சமையலுக்காகச் செய்த அந்த ஜெர்மானிய மிக்ஸிக்கு நம் ஊர் அரைப்பு தாங்கவில்லை. இங்கே அதைச் சரிசெய்து தர நிறுவனத்தின் சர்வீஸ் மையமும் இல்லை. நம் பருப்புக்கும் மசாலாவுக்கும் ஈடுகொடுக்கும் மோட்டாரை மாத்தூர் தானே வடிவமைத்தார். 1963ல் ‘சுமீத்’ கடைக்கு வந்தது.

கோவையில் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1955ல், பி. சபாபதி மின்சாரத்தில் ஓடும் ஆட்டுக்கல்லை உருவாக்கியிருந்தார். இன்று ‘கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்’ புவிசார் குறியீடு பெற்ற பொருள். மிக்ஸியும் கிரைண்டரும் தமிழ் வீடுகளில் நம்பிக்கை பெற்றது ஒரே காரணத்தால்: தாங்கின. மாதச்சீட்டு எடுத்தோ தவணை கட்டியோ வாங்கிய சாமான், பிள்ளைகள் வளர்ந்து கல்யாணமாகிப் போகும்வரை உழைக்கும் என்று வீட்டுப் பெண்கள் எதிர்பார்த்தார்கள்.

இன்று ரிப்பேர் கடை வாசலில் நடக்கும் பேச்சு வேறு. “வாங்கி ரெண்டு வருஷம்கூட ஆகலையே” என்பது கொண்டுவருபவரின் குறை. “இதுக்குச் செலவு பண்றதுக்குக் கொஞ்சம் மேலே போட்டுப் புதுசே எடுத்துடுங்க” என்பது கடைக்காரரின் யோசனை. தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் இந்த இரண்டு வாக்கியங்களைக் கேட்கலாம்.

‘அந்தக் காலத்துப் பொருளே பொருள்’ என்று உடனே தீர்ப்பு எழுதிவிடவும் கூடாது. 40 ஆண்டு ஓடிய மிக்ஸி ஒன்று உறவினர் வீட்டில் இருந்தால் அதைப் பற்றி ஊரே பேசும். அதே ஆண்டில் வாங்கி, ஐந்தாம் ஆண்டில் காயலான் கடைக்குப் போன மிக்ஸிகளை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. பிழைத்தவற்றை மட்டும் எண்ணினால் கணக்கு தப்பும்.

முறையாக எண்ணிப் பார்த்த நாடுகள் உண்டு. ஜெர்மனியின் மத்திய சுற்றுச்சூழல் முகமைக்காக நடந்த ஆய்வு ஒன்று, பழுதாகி ஐந்தே ஆண்டுக்குள் மாற்ற வேண்டிவந்த பெரிய வீட்டுச் சாதனங்களின் பங்கு 2004ல் 3.5 சதவீதமாக இருந்து 2012ல் 8.3 சதவீதமாக உயர்ந்ததைக் காட்டியது. நிறுவனங்கள் திட்டமிட்டே ஆயுளைக் குறைக்கின்றன என்பதற்கு அந்த ஆய்வில் ஆதாரம் சிக்கவில்லை. அதோடு இன்னொன்றும் வெளிப்பட்டது: தூக்கிப்போட்ட டி.வி.க்களில் பாதிக்கும் மேல் நன்றாக ஓடிக்கொண்டிருந்தவை. நார்வேயில் நடந்த ஓர் ஆய்வில் வாஷிங் மெஷினின் சராசரி ஆயுள் 19 ஆண்டிலிருந்து 11 ஆண்டுக்கும் கீழே இறங்கியிருந்தது. வேறு பல சாதனங்களில் அவ்வளவு மாற்றம் இல்லை. வாஷிங் மெஷினின் ஆயுள் சறுக்கியதற்கு ஒரு காரணம், மக்கள் முன்பைவிடப் பலமடங்கு அதிகமாகத் துவைக்கத் தொடங்கியது.

ஆக, குறை உண்மைதான். ஆனால் எல்லாப் பொருளுக்கும் ஒரே அளவில் இல்லை, ஒரே காரணத்தாலும் இல்லை. காரணம் தேட, ரிப்பேர் மேசையில் கவிழ்த்து வைத்திருக்கும் மிக்ஸியின் உள்ளே பார்ப்பதே நல்லது.

அடிப்பாகத்து ஸ்க்ரூக்களைக் கழற்றினால் முதலில் கண்ணில் படுவது மோட்டாரின் ஆர்மேச்சர். இரும்புத் தகடுகளை அடுக்கி, அவற்றின் இடுக்குகளில் மெல்லிய கம்பியைச் சுற்றியிருப்பார்கள். அதன் ஒரு முனையில் செம்புப் பட்டைகளாலான கம்யூட்டேட்டர். இரண்டு பக்கமும் கார்பன் பிரஷ், ஸ்பிரிங் அழுத்தத்தில் அதை உரசிக்கொண்டு நிற்கும். மறுமுனையில் ஜாரைச் சுழற்றும் கப்ளர். ஜாருக்குள் ஏதாவது சிக்கி பிளேடு நின்றுபோனால் கப்ளரின் பல் உடையும், மோட்டார் தப்பிக்கும். கார்பன் பிரஷ் தேய்வதற்கென்றே வைத்தது. அடியிலுள்ள சிவப்புப் பொத்தான், சுமை கூடினால் மின்சாரத்தைத் துண்டிப்பதற்கு. இந்தப் பாகங்களின் விலை சில பத்து ரூபாயில் முடிந்துவிடும். இவை போவது பொருளின் தரக்குறைவு ஆகாது. விலை உயர்ந்த பாகத்தைக் காப்பாற்ற மலிவான பாகம் முன்னால் நின்று அடி வாங்குவது நல்ல வடிவமைப்பின் அடையாளம்.

சிக்கல், காயில் கருகும்போதுதான். மூடியைத் திறந்ததும் வார்னிஷ் தீய்ந்த நெடி வரும். செந்நிறமாக இருக்கவேண்டிய கம்பி கறுத்துக் கிடக்கும். கம்பியின் மேலுள்ள எனாமல் பூச்சு சூட்டில் பொரிந்து, அடுத்தடுத்த சுற்றுகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கும்.

மின்சாதனங்களின் ஆயுளைப் பற்றிப் பொறியாளர்கள் நெடுங்காலமாகக் கையாளும் தோராயக் கணக்கு ஒன்று உண்டு. மோட்டாரின் காப்புப் பொருளுக்கு 10 டிகிரி சூடு கூடினால் ஆயுள் பாதியாகும். இன்னும் 10 டிகிரி கூடினால் அதிலும் பாதி. விலை குறைப்பும் ஆயுளும் மோதுகிற இடம் இதுதான். இரும்புத் தகட்டு அடுக்கைக் கொஞ்சம் குறைக்கலாம். கம்பியை ஒரு நூல் மெல்லிசாக்கலாம். மோட்டாரைக் குளிர்விக்கும் சின்ன விசிறியின் அளவைக் குறைக்கலாம். ஒவ்வொன்றிலும் மிச்சமாவது சில ரூபாய். ஒவ்வொன்றாலும் சூடு சில டிகிரி ஏறும். கடையில் ஓட்டிக் காட்டும்போது இரண்டு மிக்ஸியும் ஒரே மாதிரித்தான் சுற்றும். முதல் மாதத்துச் சட்னியிலும் வேறுபாடு தெரியாது. இரண்டாம் ஆண்டிலோ மூன்றாம் ஆண்டிலோ, தீபாவளிக்கு முன்தினம் மாவை அரைக்கும்போது தெரியவரும்.

கம்பியிலேயே கைவைப்பது இன்னொரு வழி. செம்பின் மின்கடத்தும் திறனில் அலுமினியத்துக்கு உள்ளது ஏறக்குறைய 61 சதவீதம். ஆனால் கிலோ விலையில் செம்பு பலமடங்கு அதிகம். எடையிலும் அலுமினியத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் கனக்கும். ஒரு மின்விசிறிக்கோ மோட்டாருக்கோ செம்புக்குப் பதில் அலுமினியம் சுற்றினால் செலவு நன்றாகவே குறையும். அதற்கேற்ப இடுக்கைப் பெரிதாக்கி, தடித்த கம்பி சுற்றி, இணைப்புகளைப் பக்குவமாகச் செய்தால் அலுமினிய மோட்டாரும் பழுதில்லாமல் ஓடும். செம்புக்காக வெட்டிய அதே இடுக்கில் அதே தடிமனில் அலுமினியத்தைச் சுற்றினால், அதே மின்னோட்டத்துக்குச் சூடு ஒன்றரை மடங்குக்கு மேல் போகும். வெளியே மூடி, பெயின்ட், பளபளப்பு எல்லாம் ஒன்றுதான்.

குறைந்த விலையை இழிவாகப் பேசுவது எளிது, அது நியாயமாகாது. 2,000 ரூபாய்க்கும் குறைவாக மிக்ஸி கிடைக்கிறது என்பதால்தான் தினக்கூலிக்குப் போய்வரும் பெண் விடியற்காலையில் அம்மியின் முன் உட்காராமல் தப்பித்தார். 2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கியபோது, அதுவரை இவற்றை வாங்கவே முடியாத வீடுகளுக்கும் அவை போய்ச் சேர்ந்தன. விலை இறங்கியதால் கிடைத்த விடுதலை அது. ஆனால் அந்த வீடுகள்தான் பொருள் சீக்கிரம் கெட்டால் அதிகம் நொந்துபோவதும். 5,000 ரூபாய் கொடுத்துப் பத்து ஆண்டு ஓடும் மிக்ஸியை வாங்குபவருக்கு ஆண்டுக்கு 500 ரூபாய். 1,800 ரூபாய் மிக்ஸி இரண்டு ஆண்டில் போனால் ஆண்டுக்கு 900. கையில் ஒரே தடவையில் 5,000 புரட்ட முடியாதவர்தான் கூடுதலாகக் கட்டுகிறார்.

அப்படியானால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து நல்லதாக வாங்கலாமே? இந்தக் கேள்விக்கு அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகர்லோஃப் 1970ல் எழுதிய கட்டுரையில் பதில் இருக்கிறது. பழைய கார் சந்தையை எடுத்துக்கொண்டு அவர் விளக்கினார்: காரின் உண்மை நிலை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எனவே வாங்குபவர் சராசரித் தரத்துக்கான விலையைத்தான் கொடுக்கத் துணிவார். அந்த விலைக்கு நல்ல கார் வைத்திருப்பவர் விற்க மாட்டார். சந்தையில் மோசமானவை மிஞ்சும். 2001ல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசுக்கு அடிப்படையான சிந்தனை இது. மிக்ஸிக் கடையிலும் இதுவே நடக்கிறது. 750 வாட் என்று இரண்டு பெட்டியிலும் போட்டிருக்கிறது, மூன்று ஜார் இரண்டிலும் இருக்கிறது, ஒன்றின் விலை 1,500 ரூபாய் கூடுதல். அந்தக் கூடுதல் தொகை தடித்த கம்பிக்காகவா, விளம்பரத்தில் வரும் நடிகைக்காகவா என்று வாங்குபவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? கண்ணுக்குத் தெரியும் ஒரே வேறுபாடு விலை. குறைந்த விலையைத் தேர்ந்தெடுப்பவரை அற்பர் என்று சொல்ல முடியாது. கையில் இருக்கும் தகவலுக்கு அதுவே சரியான முடிவு.

பாத்திரக் கடையில் இதை இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். எவர்சில்வர் வாங்கும்போது காந்தம் வைத்துப் பார்க்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. ஒட்டினால் மட்டம், ஒட்டாவிட்டால் உயர்ந்தது என்பது நம்பிக்கை. 304 என்ற உயர்தர எஃகில் ஏறக்குறைய 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். அதில் காந்தம் ஒட்டாது. நிக்கல் விலை உயர்ந்த உலோகம் என்பதால், அதைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிச் செய்யும் 200 வரிசை எஃகுகள் இந்தியச் சந்தையில் பெருகியிருக்கின்றன. அவற்றிலும் காந்தம் ஒட்டாது! உப்பும் புளியும் சேர்ந்த குழம்பு இரவெல்லாம் கிடந்தால் சில மாதத்தில் அடியில் செம்புள்ளி விழுவது இவற்றில்தான் அதிகம். காந்தத்தில் ஒட்டும் 430 என்ற வகையோ துருவை ஓரளவு நன்றாகவே தாங்கக்கூடியது. அம்மாக்கள் கைவசம் வைத்திருந்த ஒரே சோதனையும் இப்படி ஏமாற்றிவிடுகிறது. பெயர் வெட்டிக் கல்யாணச் சீராகக் கொடுக்கும் குடம், அண்டா எந்த எஃகு என்று பாத்திரத்தின் மேல் தெளிவாக அச்சிட்டிருந்தால் இந்தத் தடுமாற்றமே வேண்டியதில்லை.

உற்பத்தியாளர்கள் கூடிப் பேசி ஆயுளைக் குறைத்ததும் வரலாற்றில் உண்டு. 1924ல் ஓஸ்ராம், பிலிப்ஸ் உள்ளிட்ட பல்ப் நிறுவனங்கள் ஜெனீவாவில் ‘ஃபீபஸ்’ என்ற கூட்டணி அமைத்தன. அதுவரை 1,500 முதல் 2,000 மணி நேரம் எரிந்த குண்டு பல்பை 1,000 மணி நேரத்துக்கு இறக்கின. அதற்கு மேல் எரியும் பல்பைச் செய்த உறுப்பு நிறுவனத்துக்கு அபராதம் விதித்தன. இதிலும் ஒரு மறுபக்கம் இருந்தது. இழை நீண்ட நாள் எரியவேண்டுமென்றால் சூடு குறைந்து வெளிச்சம் மங்கும், அதே வெளிச்சத்துக்கு மின்சாரம் அதிகம் செலவாகும். கலிபோர்னியாவின் லிவர்மோர் தீயணைப்பு நிலையத்தில் 1901 முதல் எரிந்துவரும் புகழ்பெற்ற பல்ப் இரவு விளக்கு அளவுக்கே ஒளி தருகிறது. ஆனாலும் அபராதம் போட்டு ஆயுளைக் கட்டுப்படுத்தியதற்கு லாபத்தைத் தவிர வேறு காரணம் சொல்வது கடினம்.

இன்றைய மிக்ஸிச் சந்தையில் அப்படி ஒரு சதி தேவையே இல்லை. ஆயுள் வெளியே தெரியாத இடத்தில், ஒருவர் பத்து ரூபாய் குறைத்தால் அடுத்தவரும் குறைக்கவேண்டி வரும். நேர்மையாகத் தடித்த கம்பி சுற்றுபவர்தான் விற்க முடியாமல் திணறுவார்.

ஆனால் குறைந்த விலையும் தாங்கும் தரமும் சேர்ந்து வரவே முடியாது என்பதில்லை. அதற்கு நம் நாட்டிலேயே பெரிய சான்று இருக்கிறது. 2015 ஜனவரியில் மத்திய அரசு ‘உஜாலா’ திட்டத்தில் எல்.இ.டி. பல்ப் வழங்கத் தொடங்கியது. அரசு நிறுவனமான இ.இ.எஸ்.எல். 2014ல் ஒரு பல்பை 310 ரூபாய்க்குக் கொள்முதல் செய்தது; 2016ல் அதே வகை 38 ரூபாய்க்கு வந்தது. 36 கோடிக்கும் மேற்பட்ட பல்புகள் வீடுகளுக்குப் போயின. கூடவே, மூன்று ஆண்டுக்குள் கெட்டுப்போனால் இலவசமாக மாற்றித் தரும் உறுதியும் இருந்தது. கோடிக்கணக்கில் வாங்குபவர் விலையைக் குறைக்கச் சொல்லலாம், அதே மூச்சில் தரத்தையும் கேட்கலாம். ஒற்றைப் பல்ப் வாங்குபவரின் குரலுக்கு அந்தப் பலம் இல்லை. 2017ல் நீல்சன் நிறுவனம் நான்கு பெருநகரக் கடைகளில் நடத்திய ஆய்வில், பார்த்த எல்.இ.டி. பல்ப் பிராண்டுகளில் 76 சதவீதம் நுகர்வோர் பாதுகாப்பு விதிகளை நிறைவேற்றவில்லை.

எல்.இ.டி.யின் ஆயுளையும் தீர்மானிப்பது சூடுதான். ‘25,000 மணி நேரம்’ என்று அட்டையில் இருக்கும். அது ஒளி தரும் சிப்புக்குப் பெரும்பாலும் பொருந்தும். அந்தச் சிப்புக்கு மின்சாரத்தைப் பக்குவப்படுத்தித் தரும் சர்க்யூட்டில் ஒரு சின்ன கெபாசிட்டர் இருக்கும். அதற்கும் அதே 10 டிகிரிக் கணக்கு. மூடிய கண்ணாடிக் குடுவைக்குள் மாட்டிய பல்ப் சீக்கிரம் போவது இதனால்தான். சிப்புகளை வரிசையாகக் கோத்திருப்பதால் ஒன்று கருகினால் மொத்தமும் அணைந்துவிடும். கழற்றிப் பார்த்தால் மஞ்சள் புள்ளிகளுக்கு நடுவே ஒரே ஒரு கறுப்புப் புள்ளி தெரியும். விலையைக் குறைக்க, சிப்புகளின் எண்ணிக்கையைக் குறைத்து ஒவ்வொன்றையும் அளவுக்கு மிஞ்சி வேலை வாங்குவதே வழக்கம். இதை நேர்மாறாகச் செய்ய முடியும் என்று 2016ல் துபாய் மாநகராட்சி காட்டியது. பிலிப்ஸ் நிறுவனம் அந்த ஊருக்கென்றே செய்த ‘துபாய் லேம்ப்’பில் சிப்புகள் அதிகம், ஒவ்வொன்றின் மேலும் சுமை குறைவு. ஒரு வாட்டுக்கு 200 லூமென் வெளிச்சம்; 60 வாட் குண்டு பல்பின் இடத்தில் 3 வாட் போதும். தொழில்நுட்பத்தில் தடை எதுவும் இல்லை. கேட்க ஒரு வலுவான ஆள் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

கெட்டதைச் சரிசெய்வதும் கடினமாகிவருகிறது. சாதாரண சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றினால் எலக்ட்ரீஷியன் ஏணி போட்டு ஏறி, 2.5 மைக்ரோபாராட் கண்டென்சர் ஒன்றை மாற்றிவிட்டு இறங்குவார். மின்சாரத்தைப் பாதிக்கும் மேல் மிச்சப்படுத்தும் புதிய பி.எல்.டி.சி. ஃபேனில் அந்த வேலையை எலக்ட்ரானிக் போர்டு பார்க்கிறது. போர்டு போனால் அதே மாடலுக்குரிய போர்டு வேண்டும். மாடல் நின்றுபோயிருந்தால் நல்ல மோட்டாரும் எடைக்குத்தான் போகும். மிக்ஸியிலோ, ஆர்மேச்சருக்குக் கையால் ரீவைண்டிங் செய்யும் கூலியும் கம்பி விலையும் சேர்ந்தால் புது மிக்ஸியின் விலையில் பெரும்பங்கு வந்துவிடுகிறது. ஒட்டிச் சீல் வைத்த பாகங்கள், தனியாகக் கிடைக்காத புஷ், எக்ஸ்சேஞ்சில் பழையதற்கு 500 ரூபாய் கழிக்கும் ஆடித் தள்ளுபடி ஆகியவை எல்லாம் சேர்ந்து, நல்ல கைவேலைக்காரர்களை வருமானமில்லாமல் விரட்டுகின்றன. 2022ல் மட்டும் உலகம் குவித்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன்; முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்தது அதில் 22.3 சதவீதம்தான் என்று ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை சொல்கிறது.

தெரியாததைத் தெரியவைத்தால் வாங்குபவர் மாறுவார் என்பதை இந்தியா ஏற்கெனவே நிரூபித்திருக்கிறது. 2006ல் நட்சத்திரக் குறியீடு வருவதற்கு முன் ஃப்ரிட்ஜ் எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்று கடையில் கேட்டவர்கள் மிகக் குறைவு. இன்று ‘ஃபைவ் ஸ்டாரா?’ என்பதுதான் முதல் கேள்வி. 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கும் அது கட்டாயம். மின்சாரச் செலவுக்குச் செய்ததை ஆயுளுக்கும் செய்ய முடியும். பிரான்ஸ் அதைச் செய்துகொண்டிருக்கிறது: 2021ல் ஸ்மார்ட்போன், லேப்டாப், டி.வி., வாஷிங் மெஷின் போன்றவற்றுக்குப் பழுதுபார்க்க எவ்வளவு எளிது என்று பத்துக்கு மதிப்பெண் போடுவது கட்டாயமானது. 2025ல் டி.வி.க்கும் வாஷிங் மெஷினுக்கும் அது நீடித்துழைக்கும் தன்மைக்கான மதிப்பெண்ணாக விரிந்தது. விலைச்சீட்டுக்குப் பக்கத்திலேயே அந்த எண் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் வாஷிங் மெஷின் தயாரிப்பவரும் இறக்குமதி செய்பவரும் முக்கிய உதிரிபாகங்களைக் குறைந்தது பத்து ஆண்டுக்குத் தர வேண்டும் என்ற விதி 2021 மார்ச் முதல் நடப்பில் இருக்கிறது.

இங்கேயும் அடி எடுத்து வைத்தாகிவிட்டது. 2022 டிசம்பர் 24 அன்று மத்திய நுகர்வோர் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியது. பழுதுபார்ப்பு மதிப்பெண்ணுக்கு வழி சொல்ல அமைத்த குழு 2025 மே மாதம் அறிக்கை கொடுத்தது. அது முதலில் எடுத்துக்கொண்டது ஸ்மார்ட்போனையும் டேப்லெட்டையும். மிக்ஸியும் கிரைண்டரும் மின்விசிறியும் வரிசையில் பின்னால் நிற்கின்றன. இந்த வரிசை மாறவேண்டும். இரண்டு மூன்று ஆண்டில் புது மாடலுக்கு மாற நினைப்பவரைவிட, ஒரே மிக்ஸியை நம்பி இட்லிக் கடை நடத்துபவருக்கும் ஐந்து பேர் குடும்பத்துக்குச் சமைப்பவருக்கும் இந்த மதிப்பெண் அவசரமானது. வைண்டிங் செம்பா அலுமினியமா, எத்தனை மணி நேரம் ஓட்டிச் சோதித்தது, ஆர்மேச்சர் தனியாக என்ன விலை, எத்தனை ஆண்டு கிடைக்கும் என்ற நான்கு வரிகளைப் பெட்டியில் அச்சிடக் கட்டாயப்படுத்தினால், நல்ல மோட்டார் செய்பவரும் அதைக் காட்டி விற்க முடியும்.

அதுவரை, இதே நான்கையும் கடையில் வாய்விட்டுக் கேட்பதற்குத் தடையில்லை. ‘காப்பர் வைண்டிங்’ என்று கடைக்காரர் சொன்னால் அதை பில்லில் எழுதித் தரச் சொல்லலாம். மோட்டாருக்கு எத்தனை ஆண்டு வாரன்டி, மற்ற பாகங்களுக்கு எத்தனை என்பதைத் தனித்தனியாகப் பார்க்கவேண்டும். எழுதியதற்கு மாறாகப் பொருள் இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு வழக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.